சோழரின் வேடத்தில் ஸ்பெயின்

சிட் மையர் 1991இல் தொடக்கிவைத்த ‘சிவிலைசேஷன்’ கணினி விளையாட்டு வரிசையின் ஏழாவது ஆட்டம் 2025 பெப்ரவரி 11ஆம் திகதி வெளிவந்தது. அப்போது விலை எழுபது டொலர். இலங்கைக் காசில் இருபதினாயிரத்தைத் தாண்டியது. களுபோவிலையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு மாணவன் வீட்டில் கேட்டு வாங்கிவிடக்கூடிய தொகை அல்ல. இருந்தும் ‘இன்னும் ஒரே ஒரு டேர்ன்’ என்று விடியும்வரை உட்காரவைக்கும் இந்த வரிசைக்கு இங்கே ரசிகர்கள் பழையவர்கள், இலங்கையும் இதற்குப் புதியதல்ல. ஐந்தாவது ஆட்டத்தில் கொழும்பு ஒரு வணிக நகர அரசாகவும் சிவனொளிபாதமலை ஓர் இயற்கை அதிசயமாகவும் வந்தன. ஆறாவதில் கண்டி வந்தது. எல்லாமே வழியில் எதிர்ப்படுகிற, பரிசு கொடுத்தோ படை அனுப்பியோ வசப்படுத்த வேண்டிய இடங்கள். ஏழாவதில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ‘இந்தியா’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் அடைத்து, அதன் மேல் காந்தியை உட்கார வைத்துப் பழகிய வரிசை, சோழரைத் தனி நாகரிகமாக ஆடுபவர் கையில் கொடுத்திருக்கிறது. ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படை அனுப்பிய 1025இலிருந்து சரியாக ஆயிரமாவது ஆண்டில் இது நடந்தது தற்செயலாகவே இருக்கலாம்.

சோழர் உள்ளே வர வழிவிட்டது இந்த ஆட்டத்தின் பெரிய மாற்றம்தான். முன்பெல்லாம் கி.மு. 4000இல் ரோமராகவோ அமெரிக்கராகவோ தொடங்கியவர் விண்வெளிக்குப் போகும்வரை அவராகவே இருப்பார். இப்போது ஆட்டம் மூன்று யுகங்களாக வெட்டப்பட்டிருக்கிறது: பழங்காலம், கடலோடிக் காலம், நவீன காலம். முதல் இரண்டு யுகங்களும் ஒவ்வொரு நெருக்கடியோடு முடிகின்றன. அடுத்ததில் வேறொரு நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவர் மட்டும் மாறுவதில்லை. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. கட்டியெழுப்பியது கைநழுவிப்போகிறது என்பது அவர்களுடைய குறை. ஆனால் கற்காலத்தில் அமெரிக்காவை நிறுவுவதைவிட, ஒரே நிலத்தின் மேல் அரசுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவதாகக் காட்டுவது வரலாற்றுக்கு எவ்வளவோ கிட்டியது. பொலன்னறுவையைப் பார்த்தாலே போதும். 993இல் ராஜராஜனின் படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். சோழர் பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு அங்கிருந்து ஆண்டார்கள். 1070இல் அவர்களைத் துரத்திய முதலாம் விஜயபாகு தலைநகரை அனுராதபுரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை, பொலன்னறுவையிலேயே வைத்துக்கொண்டான். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. யுகம் மாறுகிறபோது நகரம் நிற்கும், கொடி மாறும் என்று இந்த ஆட்டம் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஆகவே யுகங்களாகப் பிரித்ததில் பிழையில்லை. பிழை, யுகங்களுக்குள்ளே வைத்திருக்கும் பரீட்சையில் இருக்கிறது. அது எல்லாரிலும் கூடச் சோழரிடம் பளிச்சென்று தெரிகிறது.

சோழருக்கு முன்னும் பின்னும் யார் என்பதிலிருந்தே பார்க்கலாம். மௌரியரை ஆடி முடித்தவருக்குச் சோழர் திறக்கிறார்கள்; சோழருக்குப் பின் மொகலாயர் வழி காட்டப்படுகிறது. இன்றைய இந்திய வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து யோசித்தால் மட்டுமே இந்த வரிசை இயல்பாகத் தோன்றும். அசோகனே தன் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரைத் தாமிரபரணியாகிய இலங்கையோடு சேர்த்துத் தன் எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகவே எண்ணுகிறான். பேரரசன் எழுத்திலேயே வெளியாராக நிற்கிறவர்களை ஆட்டம் அவனுடைய வாரிசாக்குகிறது. மறுமுனையில் மொகலாயர் ஒருபோதும் தஞ்சையை வேரூன்றி ஆண்டதில்லை. ஔரங்கசீப்பின் படை செஞ்சிவரை வந்து 1698இல் கோட்டையைப் பிடித்த காலத்திலும் தஞ்சை மராத்தியர் கையில்தான் இருந்தது. வேறு நாகரிகங்களைத் தேர்ந்தெடுக்கவும் வழியுண்டு, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் கையில் கொடுக்கும் முதல் வழி எது என்பதில் அமைத்தவரின் உலகப் பார்வை தெரிந்துவிடுகிறது. ‘இந்தியா’ என்ற பெட்டியை உடைத்தவர்கள் அதை நீளவாட்டில் மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் நடு யுகத்தில் இருக்கிறது. கடலோடிக் காலத்தில் உலகம் இரண்டாகப் பிளந்திருக்கும்: தாய்நிலம், யாரும் பார்த்திராத தொலைநிலம். இடையில் ஆழ்கடல், உரிய தொழில்நுட்பம் கிடைக்கும்வரை அதில் இறங்கும் கப்பல்கள் சிதையும். வெற்றிக்கு ஆட்டம் வகுத்த பாதைகளுள் பொருளாதாரப் பாதையில் முன்னேறத் தொலைநிலத்தில் குடியேறி, அங்கே விளையும் அரும்பொருளைக் கப்பல்களில் ஏற்றித் தாய்நிலத் துறைமுகத்தில் இறக்க வேண்டும். படைப் பாதைக்கும் தொலைநிலத்து ஊர்களே கணக்கு. மெக்சிக்கோவிலிருந்தும் பனாமாவிலிருந்தும் வெள்ளியைச் செவில் நகருக்கு ஏற்றிய ஸ்பானியக் கப்பல் தொடரைத்தான் விதியாக மாற்றியிருக்கிறார்கள். ஸ்பானியருக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். சோழரின் கடல் அப்படிப்பட்டதல்ல. அதில் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலை ‘தொலைவு’ என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அதைவிட நெடுந்தூரத்திலிருந்த ஸ்ரீவிஜயமும் அந்நியமல்ல: அந்நாட்டு அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஏறத்தாழ 1006இல் ஆனைமங்கலத்தை ராஜராஜன் கொடையாகக் கொடுத்த செய்தி லைடன் செப்பேட்டில் இருக்கிறது. சோழர் தூது 1015இல் சீன அரசவையை எட்டியது. இவ்வளவும் தெரிந்த கடலில், தெரிந்த அயலான் மேல்தான் 1025இல் படை போனது. அது துறைமுகங்களை அடித்துத் திரும்பிய படை. அங்கே தங்கிக் குடியேற்றம் அமைக்கவில்லை. அந்தக் கடலின் உண்மையான கட்டுப்பாடு பருவக்காற்று. எப்போது புறப்படலாம், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதை அது தீர்மானித்தது. காத்திருந்த மாதங்களில்தான் அயல்நாட்டுத் துறைகளில் வணிகர் சேரிகள் வளர்ந்தன. ஆட்டத்தில் காற்றுக்கு இடமில்லை.

பெயர்களைத் தேடியவர்கள் அக்கறையோடுதான் தேடியிருக்கிறார்கள். சோழர் கப்பலுக்குக் கலம் என்று பெயர். அஞ்சுவண்ணம், மணிகிராமம் என்ற இரு கட்டடங்களை அருகருகே கட்டினால் அந்த வட்டாரம் ஐந்நூற்றுவர் பெயரைப் பெறுகிறது. ஒரு அமெரிக்க நிறுவனம் இந்தச் சொற்கள்வரை வந்தது சாதாரண உழைப்பல்ல. அந்த உழைப்பின் பயனை விதி தின்றுவிட்டது என்பதுதான் வருத்தம். இவை கட்டடங்கள் அல்ல, வணிகக் குழுக்கள். அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்த யூத, முஸ்லிம், கிறிஸ்தவ வணிகரின் குழு. அதுவும் மணிகிராமமும் 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சேர அரசின் கீழிருந்த கொல்லத்தில் வருகின்றன. தஞ்சையில் சோழர் அப்போதுதான் தலையெடுக்கிறார்கள். ஐந்நூற்றுவரோ எந்த ஒரு மன்னனின் சொத்துமல்ல. 1088இல் சுமாத்திராவின் பாருஸ் அருகே தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். பொலன்னறுவையில் இதைவிடச் சுவையான சாட்சி இருக்கிறது: சோழர் போன பிறகு, 12ஆம் நூற்றாண்டில், புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு. அதில் வளஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் குழுவினரும் அவர்களோடு சேர்த்துப் பேசப்படுகிறார்கள். சோழருக்கு வணிகம் செய்தவர்கள் சோழரை வென்றவன் கட்டிய கோயிலுக்குப் பொறுப்பாளிகள் ஆகியிருக்கிறார்கள். அரசன் போனான், குழு இருந்தது. ‘சோழருக்கு மட்டும்’ என்று முத்திரை குத்தி அதே குழுவைப் பொன் சுரக்கும் கட்டடமாக்கிய ஆட்டம், அரசுக்கு வெளியே வேறெந்த அதிகாரத்தையும் காண மறுக்கிறது.

போட்டி என்றால் எல்லாருக்கும் ஒரே இலக்கு வேண்டாமா, ஆளுக்கொரு விதி வைத்தால் நடுநிலை கெடாதா என்ற வாதம் வரும். பலமான வாதம்தான். ஆனால் அதற்கு மறுப்பு இதே ஆட்டத்துக்குள் கிடக்கிறது. மொங்கோலியருக்குத் தொலைநிலக் கணக்கு பொருந்தாது என்று கண்டு, தாய்நிலத்தில் பிடிக்கும் ஊர்களையே அவர்களுடைய படைப் பாதையில் சேர்த்திருக்கிறார்கள். சொங்கை பேரரசு நைஜர் ஆற்றின் பேரரசு என்பதால் அவர்களுடைய அரும்பொருள் தாய்நிலத்திலேயே கிடைக்கிறது; ஆற்று வழியே அனுப்பினாலும் மதிப்புண்டு. இரண்டும் ஆட்டத்தின் நடுநிலையைக் குலைக்கவில்லை, இரண்டையும் ஆடுகிறவர்கள் விரும்பியே ஆடுகிறார்கள். குதிரைக்கும் ஆற்றுக்கும் கிடைத்த சலுகை, வணிகத்துக்கும் இராஜதந்திரத்துக்கும் உரிய நாகரிகம் என்று தாங்களே வகைப்படுத்திய சோழருக்கு ஏன் கிடைக்கவில்லை? சோழரிடம் கப்பல் இருக்கிறது என்பதால்தான் என்று நினைக்கிறேன். கப்பலைக் கண்டதும் ஐரோப்பியக் கடலோடி மாதிரிதான் இவர்களும் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

‘இது ஒரு கேம், வரலாற்றுப் பாடமல்ல’ என்பது இன்னொரு பதில். சதுரங்கத்துக்குச் சொன்னால் அது பொருந்தும்; பிரகதீஸ்வரர் கோயிலைச் சோழரின் அதிசயமாக நிறுத்தி, கலைக்களஞ்சியப் பக்கங்களையும் சேர்த்து விற்கும் ஆட்டத்துக்குப் பொருந்தாது. நிறுவனத்துக்கே இது தெரியும். ஆறாவது ஆட்டத்தில் தங்கள் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தபோது, நிலத்தைப் பிடிப்பதே வெற்றி என்ற பார்வை எங்கள் பார்வையல்ல என்று கனடாவின் கிரீ மக்கள் சார்பில் 2018இல் எதிர்ப்பு வந்தது. இந்த முறை ஷாவ்னி மக்களின் தலைவர் தெக்கும்சேயைச் சேர்க்க அந்தச் சமூகத்தோடு கலந்தே வேலை செய்தார்கள். சோழருக்காகப் பேச அப்படியொரு அவை கிடையாது. கிடைத்த பெருமையே போதும் என்று சொல்ல ஆள் நிறைய உண்டு: ‘பொன்னியின் செல்வன்’ படங்கள் ஓடி முடிந்த பின், 2025 ஆடித் திருவாதிரைக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்திய அரசே விழா எடுத்தது. கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பெருமை அவ்வளவு எளிதாகச் செரிக்காது. தஞ்சைக் கோயிலுக்கு ராஜராஜன் எழுதிவைத்த வருவாயில் ஈழமண்டலத்து ஊர்களின் நெல்லும் காசும் உண்டு. கோயிற் சுவரிலேயே அது வெட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கோயிலை ஆட்டத்தில் கட்ட எந்த அயலூரின் நெல்லும் தேவைப்படுவதில்லை. சோழரைக் கொண்டாடுபவருக்கும் அவர்களைப் படையெடுப்பாளராக மட்டுமே கற்றவருக்கும் ஒருசேர இடைஞ்சலான இந்தக் கொடுக்கல்வாங்கலைத்தான் ஒரு ஆட்டத்தால் நன்றாகக் காட்ட முடியும். நூலில் படிப்பதைவிடக் கணக்குப் போட்டு ஆடும்போது அது உறைக்கும்.

மற்றக் குறைகள் சில்லறை. வெளியானபோது திரை விவரங்கள் கஞ்சத்தனமாக இருந்தன. ஒரு எண் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடிக் களைக்க வேண்டியிருந்தது. ஸ்டீம் தளத்தில் கலவையான மதிப்பீடுகள் குவிந்தன. பிறகு வந்த திருத்தங்களில் பல சரியாயின. படைகளைத் தளபதியின் கீழ் ஒன்றாகத் திரட்டி நடத்துவதும், கப்பல் ஓடும் ஆறுகளும் இந்த வரிசைக்குக் கிடைத்த நல்ல வரவுகள்.

ரசிகர்களின் குரலுக்குச் செவிசாய்த்து, ஒரே நாகரிகத்தோடு கடைசிவரை ஆடும் வழியைப் பரிசோதிப்பதாக 2025 இறுதியில் நிறுவனம் அறிவித்தது. அது பழைய ரசிகரைத் திருப்திப்படுத்தும், சோழரை மீட்காது. சோழர் என்ற பெயரோடு நவீன யுகத்தில் இரயில் பாதை போட்டாலும், நடுவில் அதே தொலைநிலத்துக்குப் போய் அதே அரும்பொருளை ஏற்றத்தான் வேண்டும். மாற்ற வேண்டியது புள்ளிக் கணக்கு. அயல்நாட்டுத் துறைகளில் தன் வணிகருக்கு எத்தனை இருப்பிடம், பிற மதத்தாரின் எத்தனை கோயில்களுக்குத் தன் நிலத்தில் கொடை, அரசு வீழ்ந்த பிறகும் எத்தனை குழுக்கள் அடுத்த யுகத்தில் தொழில் நடத்துகின்றன என்று சோழரின் பொருளாதாரப் பாதையை அளக்கலாம். கடைசிக் கணக்குக்கு வேண்டிய யுகப் பிரிவு ஏற்கனவே ஆட்டத்தில் இருக்கிறது. நாகரிகம் மாறிய பின்னும் அஞ்சுவண்ணமும் மணிகிராமமும் புதிய அரசோடு பேரம் பேசட்டும் என்று ஒரு விதியைத் திருத்தினாலே தொடங்கிவிடலாம்.