‘போரும் அமைதியும்’: ஒரு போர் விளையாட்டின் வரலாற்று நோக்குப் பற்றிய சில குறிப்புகள்

நாவல், நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் வரலாற்று நோக்கினை ஆராய்வது நமது திறனாய்வுலகிற்குப் பழக்கமானதே. வரலாற்றைப் பொருளாகக் கொண்ட விளையாட்டுகள் அத்தகைய ஆராய்வுக்கு உட்படுவது அரிது. பொழுதுபோக்கெனத் தள்ளிவிடப்படுவதாலேயே அவற்றுட் பொதிந்துள்ள கருத்துநிலை எவ்வித வினாவுமின்றி ஆடுவோரைச் சென்றடைகின்றது. 1980 ஆம் ஆண்டு அமெரிக்காவின் அவலோன் ஹில் நிறுவனம் வெளியிட்ட, மார்க் மக்லொக்லின் வடிவமைத்த ‘போரும் அமைதியும்’ என்னும் பலகை விளையாட்டினை இங்கு எடுத்துக்கொள்கின்றோம். 1805 முதல் 1815 வரையான நெப்போலியன் காலப் போர்களே அதன் பொருள். ரோல்ஸ்ரோயின் பெருநாவலின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்கு அது எவ்வளவு தூரம் உரியது என்பதே நமது வினா.

இவ்வகை விளையாட்டின் மூலத்தை முதலில் மனங்கொள்ள வேண்டும். 1824 இல் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென ரைஸ்விற்ஸ் என்னும் அதிகாரி வெளியிட்ட போர் விளையாட்டே இதன் முன்னோடி. 1954 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் விற்பனைக்கு விட்ட விளையாட்டின் வழி, படைத்தலைமையகத்தின் மேசையிலிருந்த பயிற்சி வீட்டுக் கூடத்துக்கு வந்துசேர்ந்தது. இடம் மாறிற்று; பார்வை மாறவில்லை. வரைபடத்தை மேலிருந்து நோக்கும் தளபதியின் பார்வையே ஆடுவோனுக்கும் வழங்கப்படுகின்றது.

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டின் வரைபடம் அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு சுற்றும் ஒரு மாதத்தைக் குறிக்கும. காலாட்படையும் குதிரைப்படையும் வலிமை எண்களைக் கொண்ட காய்கள். தளபதிகளுக்கும் ஆற்றல் எண்கள் உண்டு. நெப்போலியனுக்குரியது மிகவுயர்ந்த எண். மோதலின்போது உருட்டப்படும் தாயத்தின் பயனை அவ்வெண் மாற்றவல்லது. பெருமனிதர்களே வரலாற்றை இயக்குகின்றனர் என்னும் பழைய கொள்கை இங்கு விதியாகவே அமைந்துவிடுகின்றது.

ரோல்ஸ்ரோயின் நாவல் இக்கொள்கைக்கு எதிராகவே எழுந்தது. கிரைமியப் போரில் செவஸ்தபோலில் அதிகாரியாக இருந்தவர் அவர். 1869 இல் நிறைவுற்ற அந்நாவலில், போரோதினோக் களத்தில் நெப்போலியன் பிறப்பிக்கும் கட்டளைகள் நிறைவேறாமலே போகின்றன. அப்போருக்கு முன்னைய நாள் பியேர் போரைச் சதுரங்கத்தோடு ஒப்பிட, அந்திரேய் அதனை ஏற்க மறுக்கின்றான். சதுரங்கக் காயின் பெறுமதி நிலையானது. படைப்பிரிவின் பலமோ எவராலும் முன்கூட்டி அறியப்படாதது என்பது அவன் மறுப்பின் சாரம். விளையாட்டிற் படைகளின் மனவுறுதிக்கும் எண் உண்டெனச் சிலர் கூறலாம். ஆயின் அவ்வெண் விதியால் முன்னரே வகுக்கப்பட்டது. எவ்வேளையில், எதன்பொருட்டு, யார் தலைமையிற் போரிடுகின்றோம் என்னும் உணர்விலிருந்து பிறப்பதன்று.

இவ்வளவோடு தீர்ப்புக் கூறிவிடுதல் முறையாகாது. இவ்விளையாட்டின் மிகச் சிறந்த அம்சம் அதன் படைத்தேய்வு விதி. போரிடாத மாதங்களிலும் படைகள் தேய்கின்றன. பெருந்திரளாக நிற்பதும், உணவு வழங்கற் பாதையினின்று விலகுவதும் அத்தேய்வை மிகுவிக்கின்றன. 1812 ஆம் ஆண்டுப் படையெடுப்பினை ஆடுவோர் இதன் வலிமையை உணர்வர். பிரெஞ்சுப் பொறியியலாளர் மினார் 1869 இல் வரைந்த புகழ்பெற்ற வரைபடம் இதே உண்மையைக் காட்டுவது. அதன்படி நீமன் ஆற்றைக் கடந்தோர் 422,000 பேர்; மொஸ்கோவை அடைந்தோர் 100,000 பேர்; மீண்டோர் 10,000 பேர். வழியிற் பிரிந்து சென்ற படைகளைக் கழித்துப் பார்ப்பினும், பனிக்காலம் தொடங்கு முன்னரே பேரிழப்பு நிகழ்ந்துவிட்டது. பசியும் நோயும் நெடுந்தூரமும் எந்தத் தளபதியின் ஆற்றலெண்ணையும் செல்லாக்காசாக்கிவிடும் என இவ்விதி கற்பிக்கின்றது. தளபதிகளின் எண்களில் பெருமனிதர் கொள்கையும், தேய்வு விதியிற் பௌதிக நிலைமைகளின் ஆதிக்கமும் என ஒன்றையொன்று மறுக்கும் இரு வரலாற்று நோக்குகள் ஒரே பலகையில் உள்ளன. ரோல்ஸ்ரோய்க்கு அண்மையில் நிற்பது பின்னையதே.

ஆயினும் மக்கள் எங்கே? 1798 ஆம் ஆண்டின் யூர்டான் சட்டம் பிரெஞ்சு இளைஞரைக் கட்டாயப் படைச்சேவைக்கு உட்படுத்தியது. அதற்கு அஞ்சிக் காடுகளில் ஒளித்தோர் பலர். 1808 மே 2 இல் மட்ரிட் நகர மக்கள் தெருவில் இறங்கினர். தொடர்ந்து ஸ்பெயினில் நிகழ்ந்த சிறுபடைப் போரே ‘கெரில்லா’ என்னும் சொல்லை உலகமொழிகளுக்குத் தந்தது. இத்தகைய எதிர்ப்பையும் விதியால் காயாக்கிவிடலாம். ஆனால் காய் தானாக எழுவதில்லை. ஆடுவோன் எடுத்துவைக்க வேண்டும். போருக்கு வர மறுத்தவனுக்கோ காயே இல்லை.

வரைபடத்தின் எல்லையும் கவனத்திற்குரியது. அது ஐரோப்பாவோடு நின்றுவிடுகின்றது. பிரான்சு அனுப்பிய படையை முறியடித்து, 1804 இல் முன்னாள் அடிமைகள் ஹெயிட்டியின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தனர். ஆட்டம் 1805 இல் தொடங்குவதால் அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்ட இலங்கைக் கரையோரப் பகுதிகள் பிரித்தானியாவுக்குரியன என உறுதிசெய்யப்பட்டது 1802 ஆம் ஆண்டின் அமியென் உடன்படிக்கையிலாகும். கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2 இலும் வாட்டர்லூப் போர் அதே ஆண்டு யூன் 18 இலும் நிகழ்ந்தன. ஐரோப்பிய வல்லரசுகளின் போட்டியில் உலகின் வேறு பகுதிகளும் பங்கிடப்பட்டன என்பதைப் பலகை நமக்குச் சொல்வதில்லை.

ஆகவே இவ்விளையாட்டினைப் புறக்கணிக்குமாறு நாம் கூறவில்லை. ஒரு படை எவ்வாறு அழிகின்றது என்பதைப் பல பாடநூல்களிலும் தெளிவாக அது உணர்த்துகின்றது. அழிபவர் யார் என்னும் வினாவை மாத்திரம் அது எழுப்புவதில்லை. ஆட்டம் முடிந்ததும் காய்கள் பெட்டிக்குள் மீள்கின்றன. போரை வரைபடத்தின் மேலிருந்து பார்ப்பவர்க்கும் அதன் கட்டங்களினூடே நடந்தவர்க்கும் உள்ள வேறுபாட்டினை எம் நாட்டு வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வேறுபாட்டினை மறவாது ஆடுவோர், அப்பெயருக்குரிய நாவலையும் ஒருமுறை வாசிப்பாராயின், பலகை விட்டுச்சென்ற இடைவெளிகளைத் தாமே கண்டுகொள்வர்.