உயரத்திலிருந்து ஊற்றும் ஒயின்

கோடைக்கு ஒயின் தேடுபவர்கள் பெரும்பாலும் ப்ரோவான்ஸின் வெளிர் ரோஜா நிறத்திலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். நிறம் அழகுதான். எனக்கென்னவோ ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில், கெதாரியா பக்கத்தில் செய்யும் சாகோலியைத்தான் பிடிக்கும். ஊற்றுபவர் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, மெல்லிய நூலாக அகலக் குவளைக்குள் இறக்குவார். சளசளவென்று ஓசை எழும். இரண்டு விரற்கடை போதும். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். பச்சை ஆப்பிளின் புளிப்பு, பின்னாலேயே லேசான உப்புக் கரிப்பு. கூடவே குச்சியில் கோத்த நெத்திலி, ஆலிவ், ஊறிய பச்சை மிளகாய். அங்கே அதற்குக் கில்டா என்று பெயர். மீனின் எண்ணெய் நாக்கில் படிந்திருக்க, அடுத்த மிடறு அதைத் துடைத்துக்கொண்டு போகும்.

போர்ச்சுகலின் மின்யோ பகுதி வின்யோ வெர்டேயும் இந்த வேலையைச் செய்யும். அதற்கு ஜோடி, கரியடுப்பில் தோல் கருகச் சுட்ட மத்தி. பிரான்சில் லுவார் ஆறு கடல் சேரும் பக்கத்து மஸ்கதே சற்று நிதானமானது. மாதக்கணக்கில் ஈஸ்ட் மண்டியின் மேலேயே கிடந்து மெருகேறும். அதனுடன் பச்சைச் சிப்பி மட்டும் போதும். எலுமிச்சையைக்கூடத் தள்ளி வையுங்கள், அந்த வேலையை ஒயினே பார்த்துக்கொள்ளும்.