கட்டம் உண்டு, சோதிடம் இல்லை!

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்ற வழிவகுத்தவர் கே. சி. எஸ். பணிக்கர். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையின் முன் நிற்போர் இரு திறத்தினராகப் பிரிவதைக் காண்கிறோம். எழுத்துப் போன்ற நுண்கீறல்கள் வரிவரியாய் ஓடுகின்றன. இடையே சாதகக் கட்டத்தை ஒத்த சதுரம். "ஆகா, தெய்வீக யந்திரம்!" என்று கைகுவிக்கிறார் ஒருவர். "மூடநம்பிக்கைக்கு முலாம் பூசும் வேலை!" என்று சீறுகிறார் நம் இளைஞர். வணங்கியவரும் வெகுண்டவரும் ஓவியத்தைப் பார்க்கவில்லை. தம் நினைவில் இருந்த சோதிடனைப் பார்த்தனர்!

ஓவியம் காட்டுவது என்ன? 1963-இல் இவ்வரிசையைத் தொடங்கியபோது பணிக்கர் எடுத்தாண்டவை கணிதக் குறிகள், எண்கள், உரோமன் எழுத்துகள். மலையாள எழுத்தின் சாயல் பின்னர் வந்தது. சாயல்தான், படித்தால் சொல் இல்லை, பொருள் இல்லை. சோதிடனின் கட்டத்தில் கோள் உண்டு. கோளுக்குப் பலன், பலனுக்குப் பரிகாரம், பரிகாரத்துக்குக் காணிக்கை உண்டு. பணிக்கரின் கட்டத்திலோ பலன் படிக்க வழியே இல்லை. அச்சுறுத்தும் அதிகாரம் கழன்றபின் குறி வெறும் வடிவமாகிறது. சோதிடத்தை மறுக்க நூறு மேடைகள் செய்வதை, ஓசையின்றி ஒரு சதுரம் செய்துவிடுகிறது!

இனி, அது எழுப்பும் உணர்வு. கண் படிக்கத் தொடங்குகிறது, தடைப்படுகிறது, மீண்டும் தொடங்குகிறது, மீண்டும் தோற்கிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்டவன் பத்திரத்தின் முன் நின்று கைநாட்டு வைத்தபோது பட்ட தவிப்பு, கற்ற நமக்கும் ஒரு நொடி வந்து சேர்கிறது. ஓவியர் இதைக் கருதினார் என்று நாம் கூறவில்லை. நெருக்கமாய் ஓடி, படிப்புக்குப் பிடிகொடாத அந்த வரிகள் நம்மிடம் எழுப்புவது இது என்கிறோம்.

குறையும் உண்டு. எழுத்தைப் பூட்டி வைத்தவர் யார் என்று இவ்வோவியம் கேட்பதில்லை. பூட்டின் அழகில் மயங்கி நிற்போரும் உளர். அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை பார்ப்போராகிய நம்முடையது.

ஆகவே தோழர்காள், உருவமற்ற ஓவியத்துக்கு எவரேனும் பொருள் உரைத்தால், வியக்கவும் வேண்டா, வெகுளவும் வேண்டா. "எந்தக் கோடு அப்படிச் சொல்கிறது?" என்று கேளுங்கள். கோட்டைக் காட்டினால் அது திறனாய்வு. காட்டாவிட்டால் அதுவும் ஒரு சோதிடமே!