பரிசும் பறிப்பும்

ஆண்டுதோறும் ஆடித் திங்களில், கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. வில்லாளி என்று புகழ்கிறார்கள். வள்ளல் என்று வாழ்த்துகிறார்கள். நாமும் மகிழ்கிறோம். ஆனால், அந்த வள்ளன்மையின் சிறப்பு எதில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்?

புறநானூற்றில் வன்பரணர் காட்டும் ஓரி, காட்டில் வேட்டுவனாக எதிர்ப்படுகிறான். பாணர் கூட்டம் பாடுகிறது. ஊன் கொடுக்கிறான், தேன் கொடுக்கிறான், தன் மலையின் பொன்னையும் கொடுக்கிறான். கொடுத்தவன், "இனி இப்பாட்டு எனக்கே உரியது, வேறெங்கும் பாடாதே" என்று ஓலை எழுதி வாங்கினானா? இல்லை! பரிசில் பாணர்க்குப் போயிற்று. பாட்டு புலவரிடமே இருந்தது. இன்றும் அது வன்பரணர் பாட்டாகவே நிற்கிறது.

இன்று பரிசில் தருவோர் சிலரின் போக்கு என்ன? கதைப் போட்டி, கவிதைப் போட்டி அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். சொந்தக் கற்பனை என உறுதிமொழி தருக. தேர்வு பெறாதவை திருப்பி அனுப்பப்படமாட்டா. நடுவர் முடிவே இறுதியானது. இவை நாம் அறிந்தவை. இவற்றின் அடியில், பொடி எழுத்தில், சில அறிவிப்புகளில் இன்னொரு வரி பதுங்கியிருக்கும்: வந்து சேரும் படைப்புகளின் உரிமை அனைத்தும் நடத்துவோர்க்கே!

பரிசு பெற்ற படைப்பு மட்டுமன்று, தோழர்களே. வந்து சேர்ந்த அத்தனையும்! பரிசு மூவர்க்கு, பறிப்பு முந்நூறு பேரிடம். தோற்றவன் தன் கதையைப் பின்னாளில் நூலாக்க விரும்பினாலும், வேற்று மொழியில் பெயர்க்க விரும்பினாலும், திரைப்படத்துக்குத் தர விரும்பினாலும், பிறர் வாயிலில் நின்று இசைவு கேட்க வேண்டும். இதற்குப் பெயர் இலக்கியத் தொண்டாம்!

"வெளியிடுவதற்கு உரிமை வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். அதற்கு ஒருமுறை வெளியிடும் இசைவு போதும். ஒரு வேளை உண்ண வந்தவன் அடுக்களையையே எழுதிக் கேட்பது எந்த ஊர் முறை?

சட்டம் எழுத்தாளனைக் கைவிடவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவனே முதல் உரிமையாளன். அவன் வாழ்நாளோடும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளோடும் அவ்வுரிமை நிற்கும். 19ஆம் பிரிவின்படி, எழுத்தில், கையொப்பத்தோடு இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டுகள். எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்திய நாட்டளவு. உரிமையை மாற்றித் தந்த பின்னரும், "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. ஆகவேதான் உறுதிமொழித் தாளில் விழிப்பு வேண்டும் என்கிறோம். சொந்தக் கற்பனை என்று ஒப்பமிடும் அதே தாளில் உரிமை மாற்றமும் எழுதப்பட்டிருந்தால், ஒரு கையொப்பம் இரு வேலை செய்துவிடும்!

உரிமை கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பாரதியிடம் நமக்குக் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அவர் பாட்டு பட்ட பாடு நமக்கும் பாடமே. அவர் 1921இல் மறைந்தார். பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு வணிகர் கைக்குப் போய், அவரிடமிருந்து ஏ.வி.மெய்யப்பன் கைக்கு வந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாடலைச் சேர்த்ததும் வழக்கு மூண்டது. மக்கள் கிளர்ந்தனர், மெய்யப்பன் விலை கேளாமல் விட்டுக்கொடுத்தார், 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமையை ஏற்றது. பாரதிக்காக நாடே பேசிற்று. பெயரறியாத இளைஞனுக்காக யார் பேசுவார்?

கொல்லிமலை மலையாளிப் பழங்குடி இளைஞன் ஒருவன் எழுதத் தொடங்குகிறான் என்று கொள்வோம். அவன் கையில் இருப்பது என்ன? பாட்டி பாடிய நடவுப் பாட்டு. ஊர்ப் பெரியவர் சொன்ன கதை. அதைத் தொகுத்துப் போட்டிக்கு அனுப்பி, உரிமை அனைத்தும் உமக்கே என்று ஒப்பமிட்டால், கொடுத்தது யாருடைய சொத்து? ஊரே பாடிவந்த பாட்டை ஒருவன் எழுதிக் கொடுக்கவும் இயலாது. ஒரு நிறுவனம் எழுதி வாங்கவும் கூடாது. ஆனால், அச்சேறிய நூலின் முகப்பில் உரிமை பிறர்க்கு என்று கண்டால், அந்த ஊர் தன் பாட்டைப் பாடவும் அஞ்சுமே!

கொல்லிப்பாவை சிரித்து மயக்கி உயிர் கொள்ளும் என்பது பழங்கதை. பாவை சிரிக்கும் என்று நாம் நம்புவதில்லை. பரிசுத்தொகை பெரிய எழுத்தில் சிரிப்பதையோ நாள்தோறும் காண்கிறோம்.

எழுதும் இளைஞர்களே! போட்டிக்கு எழுதுங்கள், வெல்லுங்கள். ஆனால், விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எவ்வளவு ஊதியம் என்று கேளுங்கள். விடை வாராவிடில் அனுப்பாதீர்கள். படி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சாத்திரத்தையே ஏன் என்று கேட்கக் கற்ற நாம், பொடி எழுத்துக்குத் தலைவணங்கலாமா?

போட்டி நடத்துவோர்க்கும் ஒன்று சொல்வோம்: ஓரியின் பெயரைச் சொல்லுமுன், ஓரியைப் போல் கொடுக்கப் பழகுங்கள்!