துணியில் தழைத்த மரம்

அண்மையில் பேகம்பூரில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். மணமக்களின் கட்டில் விரிப்பில் கிளை பரப்பிய பெருமரம் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. “வெளிநாட்டு மாதிரி, ஹஜ்ரத்!” என்றார் வீட்டுக்காரர் பெருமையுடன். மறுத்துரைக்க அது நேரமன்று. ஆயினும், அம்மரம் நம் நாட்டுக் கரையில் தழைத்துக் கப்பலேறியது என்பதை நாமே மறந்துவிட்டோமே என்று மனம் வருந்திற்று.

இந்தியில் ‘பலங்’ என்பது கட்டில். பாரசீகத்தில் ‘போஷ்’ என்பது மூடுதுணி. இவ்விரண்டும் சேர்ந்த சொல்லே ஐரோப்பியர் நாவில் ‘பாலம்போர்’ எனத் திரிந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் கைவினைஞர் இவ்விரிப்புகளைக் ‘கலம்’ கொண்டு வரைந்தனர். நாம் எழுதுகோலைக் குறிக்க வழங்கும் அதே கலம்தான்.

1643இல் இலண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் சூரத்துக்கு ஒரு மடல் விடுத்தனர். மங்கிய சிவப்பு நிலம் வேண்டா. வெண்ணிலத்தின் நடுவே கிளையும் பூவும் ஓவியர் விருப்பம்போல் அமைக என்பது அதன் கருத்து. வெண்ணிலம் வாங்குவோர் விருப்பம். கோடு வரைவோன் உரிமை. இத்துணிகளுக்கு வரவேற்பு பெருகவே, தம் நெசவாளர் நலிவரென அஞ்சிப் பிரான்சு 1686இலும், இங்கிலாந்து 1700, 1721 ஆண்டுகளிலும் தடை விதித்தன.

இனி அம்மரத்தின் தகுதியை நோக்குவோம். பாறைக் குன்றிலிருந்து வளைந்தெழும் ஒரே தண்டில் பலவகைப் பூக்கள் மலர்கின்றன. “இப்படியொரு மரம் எக்காட்டில் உண்டு?” என்பார் சிலர். அது குறையன்று, பாரசீகம், சீனம், ஐரோப்பா ஆகியவற்றின் சாயல்கள் ஒரு தண்டில் ஒட்டுக்கட்டப்பட்ட கற்பனை அது. உண்மைக் குறை வேறு. நம் சிறுமலையின் முதுமரத்தில் பொந்துண்டு, முறிந்த கிளையுண்டு, காய்ந்த பட்டையுண்டு. துணிமரத்திலோ முதுமையே இல்லை; என்றும் வசந்தம். காண இனிது, ஆயின் காலத்தின் சுவடு அதில் படியவில்லை.

குஜராத்தில் இதையொத்த மரங்களைப் பட்டுநூலால் சங்கிலித் தையலிட்டனர். கலம் ஓடுமிடத்தில் கோடு மெலிந்து கிளை நுனி நடுங்குவது போலிருக்கும். ஊசியோ தண்டின் போக்கிலேயே நூலைச் செலுத்தி அதற்குத் திண்மை தரும். மென்மையில் கலம் வெல்லும். திண்மையில் ஊசி வெல்லும்.

ஒன்றை மறத்தலாகாது. துணியில் சாயம் பற்றுவதற்கு முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் அதனைத் தோய்த்தனர். பின்னர்ப் படிகாரமும் சாயவேரும் சிவப்பைத் தந்தன. அவுரி நீலம் தந்தது. கடுக்காயோ காட்டு மரத்தின் காய்! வரைந்த மரம் கற்பனையாயினும், அதனை நிலைநிறுத்தியது உண்மையான காடே.

அச்சுப் பொறி வடிவத்தைப் படியெடுத்துவிட்டது. கையின் நடுக்கத்தையும் காட்டின் துணையையும் அதனால் படியெடுக்க இயலவில்லை. மலிவு விரிப்பை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் மணமக்களிடம் அதனை வெளிநாட்டு மாதிரி என்று கூறி ஈயற்க. கலம் பிடித்த பெயரறியாக் கைகளுக்கு நாம் செலுத்தும் கடன், உண்மையைச் சொல்வதே.