பாழ்பட்ட பூமி: கதையிலும் பட்டான்செருவிலும்

அறிவியல் புனைகதைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் தொடங்கிய ஏதோ ஒரு காரியம் கைமீறிப் போகிறது. நகரங்கள் பாழாகின்றன. உருமாறிய செடியும் பூச்சியும் கிருமியும் பூமியை ஆள, மிஞ்சிய மனிதர்கள் ஒரு மூலையில் ஒண்டிக் கிடக்கிறார்கள். இக்காட்சியை நம்மவர்கள் எப்படிக் கையாண்டார்கள், பிறர் எப்படிக் கையாண்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஹைதராபாத்தில் குடியிருக்கும் நமக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம்மவர் படைப்புகள்

தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் சுஜாதா. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' 2021-22 காலகட்டத்தில் நடப்பது. அந்த வருஷம் வந்து, போயும் விட்டது. அவர் அஞ்சியது இயந்திரத்தின் துணையோடு நடக்கும் சர்வாதிகாரத்தைக் கண்டு. கிருமியை அவர் அதில் தொடவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்ட வேண்டும். ஆபத்தை ஆயிரம் வருஷம் தள்ளி வைக்காமல், வாசகர் உயிரோடு இருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் வைத்தார்.

பின்னால் வந்த படங்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 'தசாவதாரம்' (2008) படத்தில் ஆய்வுக்கூடத்துக் கிருமி ஒரு குப்பிக்குள் அடைபட்டு ஊர் ஊராக ஓடுகிறது; கடைசியில் 2004 சுனாமியின் உப்புத் தண்ணீர் வந்து காரியத்தை முடித்துவைக்கிறது. '7ஆம் அறிவு' (2011) படத்தில் நோயைக் கொண்டுவருபவன் வெளிநாட்டான். மருந்து போதிதர்மரின் வழியில் முன்னோரிடமிருந்து வருகிறது. நம்ம ஹைதராபாத்தில் உருவான 'கல்கி 2898 ஏ.டி.' (2024) படமோ கங்கை வற்றிய காசியைக் காட்டுகிறது. அங்கே பெண்களைக் கருவுறச் செய்து சோதனை நடத்துகிறான் ஒரு கொடுங்கோலன். காட்சிகள் பிரமாதம், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாழ் நமக்கு 870 வருஷத்துக்கும் அப்பால் பத்திரமாக இருக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழக்கம் புலப்படும். கெடுதல் எப்போதும் வேறொருவனிடமிருந்து வருகிறது. தீர்வைக் கடல் தருகிறது, இல்லையென்றால் மூதாதையோ அவதாரமோ தருகிறார்கள். நடுவில் இருக்க வேண்டிய சாதாரண ஜனங்கள், அதாவது வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, குழாய்த் தண்ணீர் குடித்து வாழும் நாம், கதையிலேயே இல்லை. இதை ரசனைக் குறை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பார்வையே குறைபட்டிருக்கிறது.

பிறர் கண்ட விதம்

ஆங்கிலத்தில் ஜான் விண்டம் 1951இல் எழுதிய 'தி டே ஆஃப் தி ட்ரிஃபிட்ஸ்' நாவலில் நடக்கும் செடிகள் வருகின்றன. கொட்டினால் ஆள் காலி. அவை உலகம் முழுக்க எப்படிப் பரவின? அங்கேதான் விண்டமின் கெட்டிக்காரத்தனம். அந்தச் செடியின் எண்ணெய்க்கு நல்ல விலை. ஆபத்து என்று தெரிந்தே வேலி போட்டுத் தோட்டம் தோட்டமாக வளர்த்தார்கள். மனிதர்களின் பார்வை பறிபோன ஒரே ராத்திரியில் நிலைமை தலைகீழாயிற்று. தனி வில்லன் எவனும் தேவைப்படவில்லை. லாபக் கணக்கே போதுமானதாக இருந்தது.

இன்னும் ஆழமாகப் பார்த்தவர் ஜப்பானின் ஹயாவோ மியாசாகி. அவருடைய 'நௌசிகா' (1984) படத்தில், பெரும்போர் முடிந்து ஆயிரம் வருஷம் கழித்து, நச்சுக்காடும் ராட்சதப் பூச்சிகளும் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லோரும் காட்டை எரிக்கத் துடிக்கிறார்கள். இளவரசி நௌசிகா மட்டும் அதே செடிகளைச் சுத்தமான தண்ணீரிலும் மண்ணிலும் ரகசியமாக வளர்த்துப் பார்க்கிறாள். அவற்றில் விஷமே இல்லை! விஷம் இருந்தது மனிதன் கெடுத்த மண்ணில். மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கொட்டிய வரலாறு மியாசாகியின் மனசில் இருந்தது. உருமாறிய உயிரைக் குற்றவாளியாக்காமல், அதை உருமாற வைத்த சூழலைக் கேள்வி கேட்டதுதான் இப்படத்தின் பெருமை.

நம் வாசலில் நடப்பது

இனி நம் ஊருக்கு வருவோம். ராமச்சந்திரபுரம் பி.எச்.இ.எல். டவுன்ஷிப்பைத் தாண்டி மும்பை நெடுஞ்சாலையில் போனால் பட்டான்செரு. 1961இல் தொடங்கிய ஐ.டி.பி.எல். நிறுவனமும், 1970இன் காப்புரிமைச் சட்டமும் இந்நகரை மருந்துத் தலைநகரமாக்கின. உலகத்து ஏழைகளுக்கு மலிவு மருந்து இங்கிருந்து போனது. பல தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுவே சோறு போட்டது.

2007இல் சுவீடனைச் சேர்ந்த ஜோகிம் லார்சனும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுமார் 90 மருந்துக் கம்பெனிகளின் கழிவைப் பெறும் பட்டான்செரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, 'சுத்தம் செய்து' வெளியே விடப்பட்ட தண்ணீரைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. சிகிச்சை பெறும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. ஒரு நாளைக்குச் சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவு அது. பிறகு வந்த ஆய்வுகளில் சுற்றுவட்டாரக் கிராமக் கிணறுகளிலும் மருந்து இருப்பது தெரிந்தது. காஜிபள்ளி ஏரியை 2014இல் ஆராய்ந்தபோது, மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரு சுவீடன் ஏரியில் உள்ளதைப் போல் சுமார் 7,000 மடங்கு இருந்தன.

இப்படிப்பட்ட தண்ணீரில் பலவீனமான கிருமி சாகும். தனக்குள் மாறியோ, பக்கத்துக் கிருமியிடம் மரபணுவைக் கடன் வாங்கியோ தப்பித்ததுதான் பெருகும். கதைக்காரர்கள் ராட்சதப் பூச்சியாகக் கற்பனை செய்தது இங்கே கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழின் மதிப்பீடு. அதற்குப் பட்டான்செரு மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை வாங்கி விழுங்கும் நம் வழக்கமும், கோழிப்பண்ணைகளும், ஆஸ்பத்திரிகளும் சேர்ந்துதான் இது.

மருந்து தயாரிக்கும் விஞ்ஞானம் இதில் ஜெயித்தே இருக்கிறது. மிஞ்சிய தண்ணீரை யார் செலவில் சுத்தம் செய்வது என்ற கேள்வியில்தான் தோற்றோம். 1990இல் உச்ச நீதிமன்றம் போன பட்டான்செரு வழக்கு, 2017இல் பசுமைத் தீர்ப்பாயத்தில்தான் முடிவைக் கண்டது. ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்று 2020இல் மத்திய அரசு வரைவு விதி போட்டது. 2021இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்பைக் காணோம்.

முடிவாக

'வயிற்றுப் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு' என்று சிலர் சொல்லலாம். அந்தக் கவலை நியாயமானது. மருந்தாலை வேண்டாம் என்பவன் மருந்தில்லாத வார்டைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அதே வார்டில் மருந்து இருந்தும் கேட்காமல் போனால் என்ன செய்வது?

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது இலக்கியத்தின் வேலை. பட்டான்செருவைப் பற்றிய கதைக்கு வில்லனும் வேண்டாம், அவதாரமும் வேண்டாம். காலையில் ஆலைக்குப் போகும் ஒரு கெமிஸ்ட், ஏரிக்கரையில் மாடு மேய்க்கும் ஒரு கிழவர், ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் ஒரு குடும்பம், இவர்கள் மூவரையும் இணைக்கும் தண்ணீர், இவ்வளவு போதும். இந்த ஊரிலேயே பிறந்து, தெலுங்கும் தமிழும் பேசி, மருந்தியலும் உயிரியலும் படிக்கிற நம் பிள்ளைகளைவிட அதை எழுதத் தகுதியானவர் யார்?