அசாயே யானை: ஓர் இலச்சினையின் பொருள்

படைக்கலம் பகைவனை நோக்கியது; இலச்சினையோ அதனைத் தரித்தவனையே நோக்கியது. தான் எவர் வழிவந்தவன், எதற்குக் கடமைப்பட்டவன் என்பதைப் போர்வீரனுக்கு இடையறாது உணர்த்துவது அவன் தொப்பியில் விளங்கும் அச்சிறு உலோகத் துண்டேயாம். ஆதலின் ஓர் இலச்சினையை ஆராய்வது, ஒரு படை தன் வரலாற்றில் எதனை நினைவிற்கொண்டது, எதனை மறந்தது என்பதையும் ஆராய்வதாகும். இந்திய இராணுவத்தின் மதராஸ் றெஜிமெந்து தாங்கும் யானை இவ்வாராய்ச்சிக்கு மிக ஏற்றது.

கேடயமும் குறுக்கிட்ட இரு வாள்களும் அமைந்த அவ்விலச்சினையில், துதிக்கையை உயர்த்தி வணங்கும் யானை நடுநாயகமாக நிற்கின்றது. 'அசாயே யானை' என்பது அதன் பெயர். அசாயே, இன்றைய மகாராட்டிர மாநிலத்துச் சிற்றூர். பின்னாளில் வெலிங்டன் கோமகன் எனப் புகழ்பெற்ற ஆதர் வெல்லெஸ்லி, 1803ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் திகதி, ஏறத்தாழ 7,000 பேருடன் சென்று, சிந்தியா, போன்ஸ்லே என்னும் மராத்திய மன்னர் இருவரின் பெருஞ்சேனையை அங்கே வென்றார். அவர் படையிற் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களே. வென்ற பக்கத்திலேயே 1,500க்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அக்காலத்து மகாதேசாதிபதியாயிருந்தவர் வெல்லெஸ்லியின் தமையனார் றிச்சர்ட். போரிற் பங்குகொண்ட படைகளுக்குக் கௌரவக் கொடிகள் வழங்க அவர் அரசு ஆணையிட்டது. அசாயே என்னும் பெயரும் யானை உருவும் படைச் சின்னங்களில் இடம்பெற்ற வரலாறு இதுவே.

அசாயேயில் வெற்றியை முடிவு செய்தவை துப்பாக்கியும் குதிரைப்படையுமேயன்றி யானையன்று. எனினும் யானை தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. பிரித்தானிய இலச்சினை மரபில் எகிப்தியப் போருக்கு ஸ்பிங்ஸ் உருவும், சீனப் போருக்குப் பறவைநாகமும் அடையாளங்களாயின. போர் நிகழ்ந்த நாட்டின் குறியே வென்றவனின் அணியாயிற்று. அசாயேயிற் பொருத ஸ்கொத்லாந்துப் படையினரும் யானையைச் சூடினர். அவர்க்கு அது தொலைநாட்டிலிருந்து கொண்டுசென்ற வெற்றிப்பொருள். சென்னைச் சிப்பாய்க்கோ அது தன் கோயில் வாயிலில் நிற்கும் யானை. தன் நாட்டு மன்னரின் நால்வகைப் படைகளுள் ஒன்று. ஓருருவே ஒருவனுக்குக் கவர்பொருளாகவும் மற்றவனுக்குத் தாயகக் குறியாகவும் நின்றது. இம்முரண்பாடே அசாயே யானையின் தனித்தன்மை.

தமிழர் பண்டை மரபு இதனின் வேறானது. சேரர்க்குப் போந்தையும் பாண்டியர்க்கு வேம்பும் சோழர்க்கு ஆரும் போர்க்களத்தில் அடையாளப் பூக்களாயின எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். வெட்சி முதல் வாகை ஈறாக அமைந்த பூக்களோ படை மேற்கொண்ட செயலையே உணர்த்தின. ஆநிரை கவரச் செல்வோன் வெட்சி சூடினான். வென்றோன் வாகை சூடினான். அப்பூ அன்றைய செயலைச் சொல்லி அன்றே வாடிற்று. உலோக இலச்சினை வாடுவதில்லை. சூட்டிய அரசு அழிந்த பின்னும் அது நிலைப்பதால், ஒவ்வொரு தலைமுறையும் அதற்குப் புதிதாகப் பொருள் காணவேண்டியதாகின்றது.

அப்பொருள் காண்டலின் அருமையை அப்படையணியின் குறிக்கோள்வாசகம் தெளிவாக்குகின்றது. தன் தருமத்தில் நின்று இறத்தலே மேன்மை என்பது அதன் கருத்து. பகவத்கீதையின் 3ஆம் அத்தியாயத்தினின்றும் எடுக்கப்பட்டது. பிறர் தருமம் அச்சந் தருவது என்று அதே சுலோகம் தொடர்ந்து எச்சரிக்கின்றது. கம்பனியின் ஊதியம் பெற்று மராத்தியரை எதிர்த்த சிப்பாய் நின்றது எவருடைய தருமத்தில்? உண்ட சோற்றுக்கு உண்மையாயிருத்தலே அவன் தருமம் என்று விடை கூறலாம். அவ்விடை அவன் வீரத்தைக் காக்கும். அவன் வீரத்தால் விளைந்த ஆட்சியைக் காக்கமாட்டாது. தம் பீரங்கிகளை விட்டகலாது நின்று மடிந்த மராத்திய வீரரும் தம் தருமத்தில் நின்றோரே. அவர்க்கு இவ்விலச்சினையில் இடமில்லை.

சுதந்திரத்தின் பின், இந்தியரை எதிர்த்து நிகழ்ந்த போர்களிற் பெற்ற விருதுப் பெயர்களைக் கொண்டாடுவதில்லை என்னும் நெறியை இந்திய இராணுவம் மேற்கொண்டது. அசாயேயும் அத்தகைய போரே. ஆயினும் யானை நிலைத்துவிட்டது. மராத்தியர் பெயர் தாங்கிய படையணியும் இந்த யானையைத் தாங்கிய படையணியும் இன்று ஒரே கொடியின்கீழ் நிற்கின்றன. மதராஸ் றெஜிமெந்தின் தலைமைப் பயிற்சி நிலையம் அமைந்துள்ள நீலகிரி ஊரின் பெயரும் வெலிங்டன் என்பதே. அசாயேயில் வென்றவரின் பெயரே அது.

இவ்யானையை நீக்கிவிடுதல் எளிது. நீக்கின், அன்று வீழ்ந்த சென்னைச் சிப்பாய்களின் நினைவும் உடன் மறையும். வெற்றியை மட்டும் கூறி அதனைப் போற்றுவதும் தகாது. பாதி கூறிய வரலாறு பொய்யினும் கொடிது. இருபுறத்து வீரமும், அவ்வீரத்தால் அந்நியன் அடைந்த பயனும் ஒருங்கே கற்பிக்கப்படும்போதே அவ்விலச்சினை உண்மை பேசும். உயர்த்திய துதிக்கை அன்று வென்ற தளபதிக்குச் செலுத்திய வணக்கமாகத் தோன்றலாம். அசாயேயில் வீழ்ந்தோர் அனைவர்க்கும் உரிய அஞ்சலியாக அதனைக் கொள்வதே அறிவுடைமையாகும்.